ராணியம்மாவின் வெள்ளைத் துண்டு

"தண்ணி எம்புட்டுக் கெடக்கு?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராணியம்மா என்னிடம் கேட்கும் கேள்வி இது. காரைக்குடிக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தபடி, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார். நான்கு வருடங்களாக ஏதோ ஒன்றைச் சொல்லி வருகிறேன். உண்மையான பதிலை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. என் வீட்டு பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில், கரையில்லாத வெள்ளைத் துண்டு ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். அதன் ஒரு மூலையில் சேற்றுக் கறை. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை.

பி.காம். முடித்த கையோடு அரண்மனையில் கடிதம் எழுதவும் போன் எடுக்கவும் வேலைக்குச் சேர்ந்தேன். தேவகோட்டைப் பக்கத்துச் சிறிய ஜமீன் அது, பெயர் வேண்டாம். அரண்மனை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மழை பெய்தால் மூன்று அறைகள் மட்டும்தான் ஒழுகாது. அதில் ஒன்றில் ராணியம்மா இருந்தார், ஒன்றில் சுவாமி இருந்தார், ஒன்றில் நான் உட்கார்ந்து எழுதினேன். ஜமீன் போய் எத்தனையோ காலமாகியும் சுற்றியிருந்த ஏழு ஊர்களுக்கும் அவர் ராணிதான். கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதி அவர் மேசைக்கு வரும். படை, பட்டாளம், வரி எதற்கும் அவருக்கு உரிமை இல்லை. மிஞ்சியிருந்தது ஒரு கோயில், ஒரு கண்மாய், ஒரு துண்டு.

துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து, வைகாசி வெயிலில் கண்மாய் முழங்காலளவுக்கு வற்றியதும் மீன்பிடிக்கு நாள் குறிப்பார்கள். அன்று விடியும்போதே ஏழு ஊர்க்காரர்களும் வலையோடும், ஊத்தா என்கிற அடியில்லாத மூங்கில் கூடையோடும் கரையில் வந்து நிற்பார்கள். யார் எதைப் பிடித்தாரோ அது அவருக்கு. ஆனால் ராணியம்மா கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை உயர்த்தும்வரை ஒரு காலும் தண்ணீரில் படக் கூடாது. உயர்த்திவிட்டால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது. அன்று மாலை ஏழு ஊரிலும் மீன் குழம்பு மணக்காத வீடு இருக்காது.

பதினெட்டு வயதில் மருமகளாக வந்தவர் அவர். ஆறு வருடத்தில் ராஜா இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. கொழுந்தனார்கள் வெளியூர்களில் பிழைக்கப் போய்விட, அந்த வைகாசியில் துண்டை யார் வீசுவது என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்றார்களாம். "நான் வீசுறேன்" என்றாராம் இவர். தாலி இல்லாதவர் முன்னால் நிற்பதா என்று ஒருவர் இழுத்திருக்கிறார். "மீனுக்கு அதெல்லாம் தெரியாதுய்யா, நீங்க கவலப்படாதீக" என்று சொல்லிவிட்டுத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டாராம். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு குறைவாக அந்தக் கைதான் உயர்ந்தது.

நான் பார்த்த முதல் மீன்பிடியில் ஒரு பெரிய அதிகாரி விருந்தாளியாக வந்து நாற்காலியில் வியர்த்துக்கொண்டிருந்தார். ஆறு ஊர் வந்தாயிற்று. ஏழாவது ஊர் கண்மாயின் வால் பக்கம், பேருந்து போகாத இடம். அவர்கள் நடந்துதான் வர வேண்டும். வெயில் ஏறிக்கொண்டே போனது. "ராணியம்மா துண்டு வீசுறதுக்குள்ள மீனெல்லாம் கருவாடா போயிரும் போல" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். ராணியம்மா திரும்பாமலே, "கருவாடும் நல்லாத்தானய்யா இருக்கும், வாங்கிட்டுப் போ" என்றார். கரை முழுக்கச் சிரித்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தூரத்தில் ஏழாவது ஊர்ப் பெண்களின் கூடைகள் தெரிந்து, கடைசி ஆளும் கரையேறிய பிறகுதான் அந்தக் கை உயர்ந்தது. திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "முன்னால வந்தவுகளுக்கு எதுக்குத்தா ராணி? அவுகளே எறங்கிக்கிருவாக. பின்னால வாரவுகளுக்குத்தான் இந்தத் துண்டு."

என் மூன்றாம் வருடத்தில் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு என் பெயர். எப்போதோ செத்துப்போன ஒரு வேலைக்காரப் பெண்ணின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். நானும் அந்தப் பெயருக்கே போய் நிற்பேன். ஆட்கள் பார்க்க வந்தால் பின்னால் நின்றுகொண்டு அவர்கள் பெயரை மெல்லச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு நாள் தெளிவாக இருந்த நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிராதத்தா. தெரிஞ்சா துண்ட வாங்கிருவாக. அதுக்கப்பறம் நான் யாரு?" சொல்ல மாட்டேன் என்றேன். அது விசுவாசமா, முட்டாள்தனமா? அப்போதே மருத்துவரிடமோ அவர் கொழுந்தனார் மகனிடமோ சொல்லியிருந்தால் வேறு விதமாக முடிந்திருக்குமா? தெரியவில்லை. இரண்டு வைகாசி அப்படியே கழிந்தது. துண்டை நான் வைத்திருப்பேன். ஏழாவது ஊர் வந்ததும் அவர் கையில் கொடுப்பேன். அவர் உயர்த்துவார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அதற்கடுத்த வைகாசியில் என் மகளுக்கு ஏழு மாதம். "பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வெயில்ல போகணுமா? ராணிக்கு வேற ஆளே இல்லையா?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். வேறு ஆள் இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்ல முடியாதே. பிள்ளைத் தலையில் ஈரத்துணியைப் போட்டு, தூக்கிக்கொண்டு போனேன்.

ஆறு ஊரும் வந்து நின்றிருந்தன. ஏழாவது ஊர் வரவில்லை. மகள் அழ ஆரம்பித்தாள். தட்டிக் கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், நிற்கவில்லை. எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் பால் கொடுக்க முடியாது. ஐயனார் கோயில் சுவர் இருபதடி தூரத்தில் இருந்தது. துண்டை என்னோடு எடுத்துப் போயிருக்கலாம். இந்த ஒரு வரியை ஆயிரம் முறை எனக்குள் சொல்லியாயிற்று. ஆனால் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை. துண்டு தரையில் விழுந்து அழுக்காகிவிடக் கூடாதே என்று அவர் மடியில் வைத்தேன். "நான் வந்து சொல்லாம எடுக்காதீக ராணியம்மா."

"போத்தா, புள்ளையப் பாரு. எனக்குத் தெரியாதா?"

அவள் குடிக்கத் தொடங்கிச் சில நிமிடம்கூட ஆகியிருக்காது. மலையே சரிந்தது போல ஓர் இரைச்சல். மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு ஓடி வந்தேன். கண்மாய் முழுவதும் மனிதர்கள். சேறு கலங்கித் தெறித்தது. ராணியம்மா கரையில் நின்றுகொண்டிருந்தார். துண்டின் ஒரு முனை கையில், மறு முனை சேற்றில். தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்து வியர்வையைத் துடைக்கத்தான் எடுத்தார் என்று பிறகு ஒருவர் சொன்னார். ஈ விரட்டினார் என்றார் இன்னொருவர். இல்லை, வேண்டுமென்றே வீசினார் என்றார்கள் சிலர். நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

ஏழாவது ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்தபோது கலங்கிய சேறும் நத்தையும்தான் மிச்சம். அவர்கள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வயதான அம்மா தன் ஊத்தாவை ராணியம்மாவின் காலடியில் வைத்தார். "இத்தன வருசமா எங்களுக்காகல்ல நின்ன கை" என்றார். அவ்வளவுதான். வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

மதியம் அரண்மனையில், மீன்பிடிக்கு வந்திருந்த கொழுந்தனார் மகன் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். "பெரியம்மா கையில துண்ட யாரு குடுத்தது?" நான் தூணோரம் பிள்ளையை அணைத்தபடி நின்றேன். வாயைத் திறக்க வேண்டும் என்று எண்ணினேன். திறந்தால் மறதியையும் சொல்ல வேண்டும், இரண்டு வருடம் மறைத்ததையும் சொல்ல வேண்டும். இப்போது சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ராணியம்மா பேசினார். "யாரு குடுக்கணும்? துண்டு என் கையிலதான எப்பவும் இருக்கும். நான்தான் வீசிருப்பேன்." அவருக்கு நிஜமாகவே நினைவில்லை, அது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்றச் சொன்னதாக நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படியில்லை. அவருடைய ஆட்சி அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

பத்து நாளில் அவரை இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அரண்மனைக்கு வெள்ளையடிக்கிறார்கள், முடிந்ததும் கூட்டிப் போகிறோம் என்று சொல்லிவைத்தார்கள். அவர் இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த வருடம் யார் துண்டு வீசுவது என்பதில் ஏழு ஊருக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்கடுத்த வருடம் மீன் ஏலத்துக்குப் போனது. இப்போது கண்மாயைச் சுற்றி முள்கம்பி. வற்றும்வரை யாரும் காத்திருப்பதில்லை. தண்ணீர் நிறைந்து கிடக்கும்போதே பரிசலில் போய் வலைபோட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு ஊத்தாவை வைத்துவிட்டுப் போன அம்மா போன தை மாதம் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். இனி அதுவும் முடியாது.

"பிள்ள அழுதா தாய் போகத்தான் செய்வா. இதுல உன் தப்பு என்ன இருக்கு?" என்கிறார் என் கணவர். சரிதான் என்று தோன்றும். அடுத்த நிமிடம், துண்டை எடுத்துப் போயிருக்கலாமே என்று தோன்றும். மகள் சாப்பிட மறுத்தால்கூட, அன்று பாதியில் பிடுங்கிய பால்தான் காரணமோ என்று நினைக்கிற பைத்தியக்காரி நான்.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிறவரிடம் முள்கம்பியைப் பற்றி எப்படிச் சொல்வது? "மடை மட்டத்துக்குக் கெடக்கு ராணியம்மா" என்று ஆரம்பித்தேன். ஒரே அளவை எத்தனை வாரம் சொல்வது? கழுத்தளவு என்றேன், மார்பளவு என்றேன். மழைக்காலம் வந்தால் மறுபடி ஏற்றிவிடுவேன். அவருக்கு எதுவும் நினைவிருக்காது என்ற தைரியம்.

போன வெள்ளிக்கிழமை மகளும் என்னோடு வந்தாள். இந்த வருடம்தான் எல்கேஜி சேர்ந்திருக்கிறாள். கண்மாயை முள்கம்பிக்கு வெளியே நின்று பலமுறை பார்த்திருக்கிறாள். ராணியம்மா வழக்கம்போலக் கேட்டார். எனக்கு அன்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது என் மகள் என் சேலை நுனியைப் பிடித்தபடி, நான் பேசும் அதே மெல்லிய குரலில், அதே பணிவோடு சொன்னாள்: "முழங்காலுக்குத்தான் கெடக்கு ராணியம்மா."

ராணியம்மா முகம் மலர்ந்தது. நான்கு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "அப்ப வைகாசில நாள் குறிச்சிரு. துண்ட வெளுத்துக் கொண்டாத்தா. அந்தக் கடைசி ஊருக்கு மொதல்ல சொல்லிவிடு" என்றார். வரும் வழியில் பேருந்தில் மகள் என் முகத்தைப் பார்த்தாள். "நான் சரியாச் சொன்னேனாம்மா?"

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து துண்டை எடுத்தேன். மறுபடி ஊறவைத்துத் துவைத்தேன். கறை அப்படியே இருக்கிறது.

இதை வாசிக்கும் நீங்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள். அந்தத் துண்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, ஜன்னலோரத்தில் ஒரு முறை வீசவிடலாமா? அல்லது பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை உங்கள் மடியில் வைத்தது நான்தான் என்று, மறுநாள் அவருக்கு மறந்தே போகும் என்றாலும், சொல்லிவிட வேண்டுமா? இந்த இரண்டில் எதற்கு மகளைச் சாட்சியாக வைத்துக்கொள்வது? எனக்குப் புரியவில்லை. வைகாசிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அதற்குள் எழுதுங்கள்.