டிஃப்யூஷன் எடுக்காமல் இறங்கிப் போனவர்

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்திரண்டு வருடமாக எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருக்கிறேன். புராஸ்டேட் ஸ்கேன் எங்களுக்கு வர ஆரம்பித்த புதிதில் நடந்தது இது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். தவறு என்னுடையது.

அவர் செட்டிகுளத்துக்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ரத்தத்தில், புராஸ்டேட் புற்றைச் சந்தேகிக்க வைக்கும் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்ததால், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்லி யூராலஜி டாக்டர் அனுப்பியிருந்தார். கையில் ஊசி போட வந்த நர்ஸ் அவரைப் பார்த்ததும், "சார், என்னைத் தெரியுதா? உங்ககிட்டதான் சார் அஞ்சாவது படிச்சேன்" என்றாள். அவர் அவள் பெயரைச் சரியாகச் சொன்னார்.

புராஸ்டேட் ஸ்கேன் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அசையக் கூடாது. முதலில் டி2 படங்கள். சுரப்பியின் அமைப்பு அதில் தெரியும். அடுத்து டிஃப்யூஷன், புற்று இருக்கிற இடத்தைப் பெரும்பாலும் அதுதான் காட்டிக்கொடுக்கும். கடைசியில் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுப்பது.

பத்து நிமிடம் ஒழுங்காகப் படுத்திருந்தார். பிறகு படம் கலங்கியது. மைக்கில், ஆடாதீங்க சார் என்றேன். திரும்ப எடுத்தேன், திரும்பவும் கலங்கியது. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். மூன்றாவது தடவை குரலை உயர்த்திவிட்டேன். உடனே, கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி மணியடித்தார். டேபிளை வெளியே இழுத்ததும், "போதும்ங்க, முடியல" என்று மட்டும் சொன்னார். நர்ஸ் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போய்விட்டார். மூடிய இடத்துக்குப் பயப்படுகிறவர் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ரேடியாலஜிஸ்ட் மேடம் படங்களைப் பார்த்துவிட்டு, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மறுபடி வரச் சொல்லுங்கள் என்றார். ஹெட்மாஸ்டருக்கு இரண்டு முறை போன் செய்தேன். வயலில் வெங்காயம் பறித்து முடியட்டும், வருகிறேன் என்றார். மூன்றாவது முறை நான் போன் செய்யவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மகள் தாங்கிப் பிடிக்க அவர் வந்தார். இந்தத் தடவை இடுப்பு வலிக்கு, முதுகெலும்பு ஸ்கேன். முதல் படம் ஸ்கிரீனில் வந்ததுமே தெரிந்துவிட்டது. எலும்புகளில் அங்கங்கே கருப்பு, புற்று பரவியிருந்தது. அதைச் சொல்வது டாக்டரின் வேலை. முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய் அவரை எழுப்பி உட்கார வைத்தேன். அறையில் வேறு யாருமில்லை. போன தடவை ஏன் சார் பாதியில் போயிட்டீங்க என்று கேட்டேன். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணுக்கு வந்துடுச்சு தம்பி. அடக்க முடியல, கொஞ்சம் துணியிலயே போயிடுச்சு. எங்கிட்ட படிச்ச புள்ள அங்க நிக்குது. அது முன்னாடி எப்படிச் சொல்லுவேன்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்க அதட்டிக்கிட்டு இருந்தீங்க." கோபமில்லாமல்தான் சொன்னார்.

புராஸ்டேட் பெருத்தவர்களுக்கு அடக்குவது கஷ்டம் என்று படித்துப் பரீட்சை எழுதியவன் நான். டேபிளில் ஏற்றுமுன் பாத்ரூம் போய்விட்டு வந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் தப்பித்திருப்பாரா என்று மேடத்திடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஊசியும் மாத்திரையுமாக ஹெட்மாஸ்டர் இரண்டு வருடம் இருந்தார். காரியத்துக்குப் போனேன். மகள் காபி கொடுத்து உபசரித்தாள், குடிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு விவசாயி புராஸ்டேட் ஸ்கேனுக்கு வந்தார். நானே பாத்ரூம் வாசல் வரை கூட்டிப்போனேன். ஊசி போட்டதும் நர்ஸை வெளியே இருக்கச் சொன்னேன். அவசரமென்றால் பந்தை அமுக்குங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றேன். டிஃப்யூஷன் நடுவில் அமுக்கினார். போய்விட்டு வந்து படுத்தார். மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது வயல் வேலைக்குப் போகிறார்.

நோயாளி சொல்லக் கூசுவதை நாம்தான் முதலில் கேட்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நான் எதையும் இழக்கவில்லை. இழந்தவர் ஹெட்மாஸ்டர்.