சாவடி வீட்டில் யார் செத்தது?

1. வாசலோடு திரும்பிய ஆறு பேர்

பத்திர எழுத்தர் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஆட்கள் என்னை விடுவதில்லை. காரிமங்கலம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால்கூட யாராவது ஒரு வில்லங்கச் சான்றை மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். எனக்கும் அது பிடிக்கும். என் கையெழுத்து அச்சுக் கோர்த்த மாதிரி இருக்கும் என்று ஊரே சொல்லும். ஊர் மறந்துவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன்.

ஆனால் ஷமீம் என்ற பெண்மணி வந்த செவ்வாய்க்கிழமை அப்படிச் சிரித்துப் பேசுகிற நாளாக இல்லை. பத்திரக் கட்டைப் பதற்றத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கி, பள்ளிச் சீருடை தைக்க ஆறு மெஷின் இறக்கியிருந்தார். தைக்க வந்த ஆறு பெண்களும் வாசலோடு திரும்பிவிட்டார்களாம்.

"அது சாவு வூடாம் சார். குடி வந்தவங்க யாருமே மூணு வருசம் தாண்டலையாம். திங்கக்கெழம மெஷின் ஓடலைன்னா ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நகையெல்லாம் வித்து வாங்குன வூடு சார்."

"நான் என்னம்மா செய்யணும்?"

"அங்க யார் செத்தாங்கன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க. அவங்களுக்கு துவா ஓதிட்டாவது உள்ள போறோம்."

எத்தனையோ பேருக்கு வில்லங்கம் பார்த்திருக்கிறேன். பேய்க்கு வில்லங்கம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

2. மூன்று வருஷம் தாண்டாதவர்கள்

அந்த வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக் கடைக்காரரிடம் முதலில் விசாரித்தேன். ஒரு லைன்மேன், ஒரு வாத்தியார், ஒரு நர்ஸ் என்று அடுத்தடுத்துக் குடியிருந்தார்களாம். "எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஓடிட்டாங்க" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. அந்த நர்ஸ் சரோஜாம்மா இப்போது அதியமான்கோட்டையில் மகள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. புதன்கிழமை பஸ் ஏறினேன்.

"ஓடுனனா? டிரான்ஸ்பர் போட்டாங்க, போனேன்" என்றார் சரோஜாம்மா. "லைன்மேனுக்கும் டிரான்ஸ்பர், வாத்தியாருக்கும் டிரான்ஸ்பர். கவர்மெண்ட்டு வேலைங்க, மூணு வருசத்துக்கு மேல யாரை வெச்சிருக்காங்க?"

"அங்க யாராச்சும் செத்தாங்களாம்மா?"

"அட போங்க! எனக்கு ரெண்டு புள்ளைங்களும் அந்த வூட்லதான் பொறந்துச்சு. இதோ, உங்களுக்குக் காப்பி குடுக்கறாளே, இவ அங்க பொறந்தவதான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காப்பியை இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தேன். ஆனாலும் ஒன்று இடித்தது. யாரும் சாகாத வீட்டுக்குச் சாவு வீடு என்ற பேர் எங்கிருந்து வந்தது?

3. நான்கு எல்லை

ஷமீம் கொடுத்த பத்திரக் கட்டின் அடியில் கிடந்த மிகப் பழைய பத்திரத்தில் விடை இருந்தது. "சாவடி வீடு என வழங்கும் ஓட்டு வீடு." ஒரு காலத்தில் கிராம அதிகாரி உட்கார்ந்து மனு வாங்கிய சாவடி அது. அப்படியானால் 'டி'யை விழுங்கியது யார்?

பத்திரத்தில் ஒரு சொத்தைக் காட்ட நான்கு எல்லை எழுதுவோம். இதற்குச் சக்குபந்தி என்று பேர். ஆகவே பக்கத்து மனையின் பத்திரத்தில் இந்த வீட்டின் பேர் இருந்தாக வேண்டும். பத்திர ஆபீஸில் நகல் மனு போட்டேன். வெள்ளிக்கிழமை நகல்கள் கைக்கு வந்தன.

கடைசிப் பத்திரம் கம்ப்யூட்டரில் அடித்தது: "சாவு வீட்டுக்கு வடக்கு." அதற்கு முந்தியது டைப் அடித்தது. அதிலும் சாவு. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து இறக்குவதுதான் எங்கள் தொழில் பழக்கம். அதற்கும் முந்தியது கையால் எழுதியது, அதிலும் சாவு. கையெழுத்து மட்டும் அச்சுக் கோர்த்த மாதிரி இருந்தது.

அடியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் என் பேர்.

உட்கார்ந்துவிட்டேன். நினைவு வந்தது. லைசென்ஸ் வாங்கிய புதிது. மனைக்காரர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே "சாவ்டி வூட்டுக்கு வடக்குங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். 'டி' வெற்றிலையோடு போய், என் காதில் 'சாவு வூடு' என்று விழுந்திருக்கிறது. நான் தீர்த்தமலைப் பக்கத்துக்காரன், இந்த ஊர் தெரியாது. திருப்பிக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். 'வூடு' கொச்சை என்று மட்டும் அக்கறையாக 'வீடு' என்று திருத்தியிருக்கிறேன். சாவை அப்படியே விட்டுவிட்டேன். பிறகு அந்த மனை கைமாறும்போதெல்லாம் பத்திரத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். கேட்டவர்கள் ஆளுக்கொரு பிணத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

4. ஞாயிற்றுக்கிழமை

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், அதை மறைப்பானேன். சரோஜாம்மாவை மட்டும் கூட்டிப்போய்க் காட்டினாலே போதும், என் பேர் தப்பும். ஆனால் ஷமீமின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஞாயிறு காலை ஆறு பெண்களும் அந்த வாசலில் நின்றார்கள். சரோஜாம்மா விறுவிறுவென்று உள்ளே போய், "இந்த ரூம்லதான் பெரியவ, அந்த ரூம்ல சின்னவன்" என்று காட்டினார். நான் 'சாவடி' என்றிருந்த பழைய பத்திரத்தையும் 'சாவு' என்று நான் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எழுதியவர் பேரில் விரலை வைத்தேன்.

"இந்த வூட்ல சாவுன்னு ஒண்ணு நடந்துச்சுன்னா அது இந்தத் தாள்ல நடந்ததுதான். அதைப் பண்ணுனவன் நான்."

ஆறு பேரில் மூத்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, ஒரு எழுத்து உட்டதுக்கா நாங்க ஒரு வாரம் பயந்து செத்தோம்?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். மற்ற ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கள்கிழமை மெஷின் ஓடியது.

பக்கத்து மனைக்காரரைச் சம்மதிக்க வைத்துப் பிழை திருத்தல் பத்திரமும் போட்டாயிற்று. இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காதில் விழுந்ததை எழுதாதீர்கள். எழுதியதைத் திருப்பிப் படித்து, "இதுதானுங்களா?" என்று கேளுங்கள். கேட்பதால் மரியாதை குறையாது.

போன வாரம் ஷமீம் போன் செய்தார். 'சாவடி தையலகம்' என்று போர்டு வைக்கிறார்களாம், பெயின்டர் வந்திருக்கிறாராம். என் கையெழுத்தைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று பேனாவோடு கிளம்பிப் போனேன்.

"பேனா வேணாம் சார்" என்றார் ஷமீம் சிரித்துக்கொண்டே. "எழுதுறத அவர் பாத்துக்குவார். 'டி' இருக்கான்னு மட்டும் நீங்க பாருங்க."