தலைவலி என்று சொல்லிவிட்டேன்

இன்று காலை இருமலுக்கு மருந்து வாங்கப் பதுளையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண் ஒருத்தி. டாக்டருக்கும் நர்ஸுக்கும் தமிழ் தெரியாது. "மாஸ்டர், கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று, நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பது தெரிந்த டாக்டர் ஆங்கிலத்தில் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பெருமைதான்.

"என்னம்மா செய்யுது?" என்றேன்.

அடிவயிற்றைப் பிடித்தபடி நின்றவள் என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற ஆண்களையும் பார்த்தாள்.

"தலவலிங்க."

தலைவலிக்காக யாரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வரமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் மேலே கேட்க எனக்கும் கூச்சம். தலைவலி என்றே டாக்டரிடம் சொன்னேன்.

மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. "ஒங்களுக்குப் புண்ணியமா போகுங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிட்ட கை திரும்பவும் வயிற்றுக்கே போனது.

டாக்டர் என் ஆங்கிலத்தைப் பாராட்டினார்.

கட்டடம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. அவள் கூசாமல் வாய் திறக்க அங்கே ஒரு தமிழ்ப் பெண் இல்லை, நான்தான் இருந்தேன்.

வாசிகசாலை நண்பர்களே, அந்த ஆஸ்பத்திரியில் இப்படி வருகிறவர்களுக்குக் கேட்டுச் சொல்ல, ஆங்கிலம் படித்த பெண்கள் உங்கள் வீடுகளில் இருந்தால் சொல்லுங்கள். என் இருமல் குறைந்துவிட்டது, விசாரிக்க வேண்டாம்.