ஆறு மில்லிமீட்டர்

எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். எது குலுங்கினாலும் எங்கே என்று கண்டுபிடித்து, கழற்றி, மாற்றி, அது அடங்கிய பிறகுதான் சாப்பிட உட்காருவேன். என் மனைவி இந்தக் குணத்தை வியாதி என்பாள். அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய முதுகுவலிக்கு நான் பார்த்த வைத்தியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் ஆசை வந்தது; பைக்கை நாங்கள் மோட்டார் என்போம். சிவப்பு நிறம், செகண்ட் ஹேண்ட். முன்பு வைத்திருந்தவர் பந்தயத் தளத்தில் ஓட்டியவர். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தீவில் எங்கள் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டின் கீழே நின்று அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"தொப்பைய எங்க வைப்பீங்க? டேங்க் மேலயா?" என்றாள். பிறகு பின் இருக்கையைத் தொட்டுப் பார்த்து, "இது சீட்டா, சோப்பு டப்பாவா?" என்று கேட்டாள்.

ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அதுவரை பழைய கப்சாய் குட்டி பைக்கில் போய்க்கொண்டிருந்த நாங்கள், ஜனவரியிலிருந்து தினமும் காலையில் அந்தச் சிவப்பு பைக்கில் கடல் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனோம்.

இரண்டு வாரம் கழித்து அவள் முதுகு வலிக்கிறது என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பந்தயத்துக்காக இறுக்கி வைத்த அப்சோர்பர் ஸ்பிரிங், கண்ணாடி மாதிரி வழவழப்பான தளத்துக்குத்தான் சரிப்படும். பாலத்தின் நீளத்துக்கும் இணைப்புகள் இருக்கின்றன. சக்கரம் அதில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஓர் உதை நேராகப் பின் இருக்கைக்கு வரும்.

"மோட்டார்தான். வேற ஒண்ணும் இல்ல. அப்சோர்பர மாத்தினா சரியாப் போயிரும்" என்றேன்.

அவள் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படியா? சரி" என்றாள்.

மாற்றுவது என்று முடிவெடுத்த பிறகு எனக்கு ஒரு குஷி வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால். மதிய உணவு வேளையில் கைப்பேசியில் ஸ்பிரிங் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளோ தினமும் காலையில் முதுகில் கோயோக் ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அந்த மருந்துப் பட்டையை அவள் கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டிவிடுவது என் வேலை. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் அவசர அவசரமாக ஒட்டி, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கெளம்பு, கெளம்பு, ஜாம் ஆயிரும்" என்பேன். அந்த முதுகை மாதக் கணக்கில் தினமும் பார்த்தவன் நான்.

சிம்பாங் அம்பாட்டில் ஒருவர் அப்சோர்பர் வேலை மட்டும் செய்கிறார் என்று விசாரித்துப் போனேன். முப்பது வயது இருக்கும், நம் ஆள், நிதானமாகப் பேசுபவர். பைக்கின் பின்பக்கத்தை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"அண்ணே, இது ரேஸ் செட்டிங். இதுல அக்காவ வெச்சு ஓட்டினா அக்கா பாவம்லா. முன்னாடி ஸ்பிரிங்கும் எண்ணெயும் மாத்தணும். பின்னாடி புது அப்சோர்பர் ஆர்டர் பண்ணலாம். உங்க எடை எவ்வளோ? அக்கா எடை எவ்வளோ? அத வெச்சுத்தான் ஸ்பிரிங் சொல்லணும்."

என்னுடையது எழுபத்தாறு. அவளுடையதை வீட்டுக்கு வந்து கேட்டேன். சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "அறுபத்திரண்டு" என்றாள். அதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன்.

சாமான் வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மாட்டிய அன்று நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். சாலையில் பள்ளம் இருப்பது தெரிகிறது, ஆனால் உடம்புக்கு வரவில்லை. மறுநாள் காலை அவளை ஏற்றிக்கொண்டு, பரிசு கொடுக்கப் போகிறவன் மாதிரி பாலத்தில் ஏறினேன்.

முதல் இணைப்பிலேயே அவள் என் தோள் இரண்டையும் அழுத்திக்கொண்டு இருக்கையிலிருந்து எழும்பினாள். அடுத்ததிலும் அப்படித்தான். மாக் மண்டினில் இறங்கியதும், "எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்குலா. முந்திக்கு இப்போ பரவால்ல."

அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அப்போதும் எனக்கு அவள் மேல் சந்தேகம் வரவில்லை, ஸ்பிரிங் மேல்தான் வந்தது. புது அப்சோர்பரில் திருகுகள் இருந்தன. ஒரு மாதம் அவற்றைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் கொஞ்சம் அந்தப் பக்கமும் திருப்பி, ஒவ்வொரு முறையும் அவளைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் நல்லாருக்கு என்றாள். ஒவ்வொரு முறையும் தோளை அழுத்தினாள். கடைசியில் பொறுமை போய், ஒரு சனிக்கிழமை அவளையும் ஏற்றிக்கொண்டு சண்டை போடவே சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன்.

"தப்பான ஸ்பிரிங் குடுத்துட்டீங்க தம்பி. என் பொண்டாட்டி குதிச்சுக்கிட்டே வர்றா" என்றேன். அங்கே வேறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க, அளந்துருவோம்" என்றார். ஆள் ஏறும்போது பைக் எவ்வளவு தாழ்கிறது என்று டேப் பிடித்து அளப்பதுதான் இதற்குக் கணக்கு. நான் மட்டும் உட்கார்ந்தபோது அவர் சொன்ன அளவுக்குச் சரியாக இறங்கியது. அவளும் ஏறியபோது மொத்தம் நாற்பது மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். முப்பத்துநான்குதான் இறங்கியது. இறங்கி ஏறச் சொல்லி மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் முப்பத்துநான்கு.

"பாத்தீங்களா? ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஸ்பிரிங் சரியாத்தான் இருக்கு. அக்கா அறுபத்திரண்டு இல்ல" என்றார்.

நான் சிரித்தேன். பொம்பளைங்க எடையைக் குறைத்துத்தான் சொல்வார்கள், இவள் கூட்டிச் சொல்லியிருக்கிறாள் என்று கேலி செய்தேன். மூலையில் பார்சல் எடை போடும் தராசு ஒன்று இருந்தது. "ஏறு, டுரியான் எடை போடுற மாதிரி போட்டுருவோம்" என்றேன். அவள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள்.

நாற்பத்தொன்பது.

"தராசு சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி தானே ஏறி நின்று பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாவாடை இடுப்பில் இரண்டு ஊக்குகள் குத்தி இறுக்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பதின்மூன்று கிலோ. என் வீட்டுக்குள், என் கண் முன்னால், நான் ஒட்டிய பட்டைகளுக்கு அடியில் அது போயிருக்கிறது. எனக்கு அதைச் சொல்ல ஓர் அளவு டேப் வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் எல்லாச் சோதனைகளும் முடிய மூன்று வாரம் ஆனது. குடலில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார்கள். மருத்துவர் எத்தனை நாளாக வலி என்று கேட்டபோது, நான் முந்திக்கொண்டு, "ஜனவரியிலிருந்து. மோட்டார் வாங்கினதிலிருந்து" என்றேன். அவள் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சிகிச்சை தொடங்கியது. அவள் வேலையை விட்டாள். அந்தச் சமயத்தில் சிம்பாங் அம்பாட் தம்பி தானாகவே அழைத்து, அவள் எடைக்கேற்ற இளக்கமான ஸ்பிரிங் ஒன்று வரவழைத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு அந்தப் பைக்கைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லப் போனேன். அவள்தான் போடச் சொன்னாள்.

"இவ்வளோ நாள் மெனக்கெட்டீங்க. ஒரு தடவ ஒழுங்கா உக்காந்து பாக்குறேன்."

மருத்துவரிடம் கேட்டோம். மெதுவாக, கொஞ்ச தூரம் என்றால் போகலாம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று போதும் என்றேன். அவள், "பாலத்துக்கே போங்க. அங்கதான குலுக்கும்" என்றாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலை காலியாக இருந்தது. முதல் இணைப்பு வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் ஏறி இறங்கியது, உதை வரவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. தோள் மேல் அவள் கை சும்மா கிடந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அதுதான் சுத்தமான வேலை. அக்கரையில் பிறை என்ற ஊர்ப்பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். திரும்பிப் பார்க்காமலே, "குலுக்குச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. துளி கூட இல்ல."

"அப்ப வலிக்கல?"

"வலிச்சுச்சு" என்றாள். "எப்பவும் போலத்தான்."

நான் இயந்திரத்தை அணைத்தேன். அவள் இறங்கவில்லை, என் முதுகில் சாய்ந்துகொண்டே பேசினாள்.

"மோட்டார் வாங்குறதுக்கு முந்தியே வலி இருந்துச்சுங்க. தீபாவளிக்கு முறுக்கு சுடுறப்பவே. ரொம்ப நேரம் நிக்க முடியல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லலாம்னுதான் அன்னிக்கு வாயெடுத்தேன். நீங்க உடனே மோட்டார்தான்னு சொல்லிட்டீங்க. எனக்கு அப்பவே பயமா இருந்துச்சு. மோட்டார்னா நீங்க எப்படியும் சரி பண்ணிருவீங்கல்ல. அதான் மோட்டாராவே இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

அவள் கை என் இடுப்பைச் சுற்றி வந்தது. பிறகு, தாகமாக இருக்கிறது, தண்ணீர் வாங்கி வாருங்கள் என்றாள். நான் கடைக்குள் போய் வாங்கி வந்தேன், உள்ளேயும் வெளியேயும் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கழற்றினால் அவள் என் முகத்தைப் பார்த்துவிடுவாள்.