இன்ஸாஃப் வீட்டுப் பேச்சு

எங்கள் கட்டடத்தில் அதிகம் பேசுகிறவள் யார் என்று கேட்டால் எல்லோரும் என்னைத்தான் காட்டுவார்கள். அநியாயம். கீழ்வீட்டு இன்ஸாஃபை அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. பிறவியிலேயே காது கேளாதவள், வாயால் ஒரு சொல் வராது. ஆனால் கையைத் தூக்கினாள் என்றால் எங்கள் இர்பித் நகரத்திலேயே அவளை நிறுத்த ஆள் கிடையாது. யார் வீட்டில் என்ன சண்டை, எந்தக் கடை இறைச்சியில் கொழுப்பு அதிகம், எல்லாம் அவள் விரல்நுனியில் இருக்கும். அவளுடைய மொழியில் ஆளுக்கொரு அடையாளப் பெயர் உண்டு. எனக்கு வைத்திருப்பது, விரல்களைக் குவித்து வாத்து அலகு மாதிரி திறந்து திறந்து மூடுவது. அந்தப் பெயரை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவதற்காகவே நான் அவள் மொழியைக் கற்றுக்கொண்டேன். அவள் மாற்றவில்லை.

அவளுக்குத் தொழில் சமையல். குட்டிச் சுரைக்காயைக் குடைந்து அரிசியும் இறைச்சியும் அடைப்பாள், திராட்சை இலையில் சோறு சுருட்டுவாள். விருந்து வைக்கும் வீடுகளெல்லாம் அவளிடம்தான் சொல்லிவைக்கும். கை வேலையில் இருந்தால் அவளால் பேச முடியாது, பேசினால் வேலை ஓடாது. சாப்பாடு தாமதமாகிறது என்றால் அன்றைக்கு ஏதோ நல்ல வம்பு கிடைத்திருக்கிறது என்று நான் புரிந்துகொள்வேன்.

வெளியாட்களோடு பேச மகள் ருபா இருந்தாள். புருஷன் இறந்தபோது ருபா அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அன்று முதல் டாக்டரிடமும் வங்கியிலும் இறைச்சிக் கடையிலும் அம்மாவுக்கு வாயும் காதும் அவள்தான். கெட்டிக்காரக் குழந்தை. அம்மாவின் கை “திருட்டுப்பயலே” என்று சொன்னால், மகளின் வாய் “கொஞ்சம் பாத்துப் போடுங்க மாமா” என்று சொல்லும்.

நாங்கள் எல்லோரும் தொலைபேசி வாங்கிப் பெருமையடித்துக்கொண்ட காலத்தில் இன்ஸாஃபுக்கு அது வெறும் பெட்டி. முகம் பார்த்துப் பேசும் போன் வந்த பிறகுதான் அவளுக்கு விடிந்தது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, தலைநகர் அம்மானில் இருக்கும் பள்ளித்தோழியோடு இரண்டு கையாலும் பேச்சு. அடுப்பில் தீய்ந்த வாசனை மாடிக்கு வந்து நான் ஓடிப்போய் அணைத்த நாட்கள் பல. ஒருநாள் சண்டை முற்றி, தோழி போனை வைக்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டாளாம். அதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்குள் கிடையாது. ஒரு வாரம் இன்ஸாஃப் புலம்பினாள்.

சமாதானம் ஆனதும் அந்தத் தோழியே ஒரு புது வசதியைச் சொல்லிக்கொடுத்தாள். எதிரில் இருப்பவர் பேசுவதைப் போன் எழுத்தாக்கிக் காட்டும். இன்ஸாஃப் காது கேளாதோர் பள்ளியில் படித்தவள், நன்றாக வாசிப்பாள். என்னை உட்காரவைத்துப் பேசச் சொன்னாள். பேசினேன். வாசித்து முடித்துவிட்டுக் கையை ஆட்டினாள்.

“வாத்து, நீ நிறையப் பேசுறேன்னு எனக்குத் தெரியும். அதுல விஷயமே இல்லேன்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

அப்புறம், ருபாவிடம் சொல்லாதே என்றாள். “இனிமே நீ வேண்டாம்னு அம்மா சொல்லிட்டான்னு நெனச்சுக்கும். பாவம்.”

அந்தச் சமயத்தில்தான் முஹன்னத்தின் சம்பந்தம் வந்தது. ருபாவோடு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளின் அண்ணன், அகபா துறைமுகத்தில் உத்தியோகம். அவன் பேரைச் சொன்னால் ருபாவின் காது சிவக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நாங்கள் நாட்டின் வடக்கு மூலை, அகபா தெற்கு மூலை. கல்யாணம் ஆனால் குடித்தனம் அங்கேதான். இதற்கு முன் வந்தவர்களை மூக்கு சரியில்லை, பல் சரியில்லை என்று ருபா தட்டிக்கழித்தாள். மூக்கும் பல்லும் என்ன பாவம் செய்தன? அம்மாவைத் தனியாக விட அவளுக்கு மனமில்லை. இந்தத் தடவை பிடித்தவனையே விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். வீட்டுப் பெரியவரான இன்ஸாஃபின் அண்ணனோ, “தங்கச்சி சரின்னா எனக்கும் சரி” என்று ஒதுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் பையனின் அம்மாவும் தங்கையும் வந்தார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். ருபா காபி கொண்டுவந்தாள். முஹன்னத்தின் அம்மா வாங்கி, வாயில் வைக்காமல் மேசைமேல் வைத்தார். ருபாவின் அம்மா என்பதால் இன்ஸாஃபை எங்கள் வழக்கப்படி உம்மு ருபா என்றே கூப்பிட்டார்.

“உம்மு ருபா, உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம். நீங்க நல்ல வார்த்தை சொன்னாத்தான் இந்தக் காபி உள்ள எறங்கும்.”

ருபா அதை அப்படியே கையால் சொன்னாள். இன்ஸாஃபின் முகம் மலர்ந்தது. கைகள் பறந்தன. “இனிமே அவ உங்க பொண்ணு. தாராளமா கூட்டிட்டுப் போங்க. பெருநாளுக்கு மட்டும் என் வீட்டுக்கு அனுப்பிவெச்சாப் போதும்.”

ருபா தொண்டையைச் செருமினாள். “அம்மா சொல்றாங்க... உங்க மேல ரொம்ப மரியாதையாம். ஆனா அகபா தூரமாம். மனசு ஒப்பலையாம்.”

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த வேறு ஆள் நான் ஒருத்திதான். ருபா என்னைப் பார்த்த பார்வையில் பாதி கெஞ்சல், பாதி மிரட்டல்.

முஹன்னத்தின் அம்மா குழம்பிப்போனார். “ஏம்மா, உங்கம்மா மொகம் இப்படிச் சிரிக்குது. பதில் மட்டும் இப்படி வருதே?”

“அவங்க அப்படித்தான் பெரியம்மா. மரியாதைக்குச் சிரிப்பாங்க.”

நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் இன்ஸாஃப் கையை உயர்த்தி என்னை அடக்கினாள். அவள் பார்வை மடியில் இருந்த போனில் இருந்தது. சிரிப்பு போய்விட்டிருந்தது. போனை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ருபா சொன்னது பூராவும் எழுத்துப் பிசகாமல் அதில் நின்றது.

அகபா என்றால் எங்கள் மொழியில் தடை என்றும் பொருள். இன்ஸாஃப் அந்தச் சொல்லை விரலால் தொட்டாள், பிறகு மகளின் நெற்றியைத் தொட்டாள். “தடை அந்த ஊரில்ல. நீதான்.”

ருபா கையாலேயே கத்தினாள். “நான் போயிட்டா உனக்கு யாரு பேசுவா?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் என்ன கல்லாட்டமா கெடந்தேன்? எனக்கு இந்தப் போன் இருக்கு. அந்தா, வாத்து இருக்கு. உன்னையும் தெனம் இதுல பாத்துப் பேசப்போறேன். அம்மாவுக்காக ஒருத்தனை வேண்டாம்னு சொல்லிட்டேனேன்னு நீ உள்ளுக்குள்ள அழுவியே, அதை நான் எப்படித் தாங்குவேன்?”

விருந்தாளிகள் இரண்டு பேரின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “இங்க என்னதான் நடக்குது?” என்று என்னைக் கேட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “கொஞ்சம் பொறுங்க. அவங்களே சொல்லுவாங்க” என்றேன். நான் பேசாமல் விட்ட ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்ஸாஃப் எழுந்தாள். ஆறிக்கிடந்த காபியை எடுத்து முஹன்னத்தின் அம்மாவின் கையில் கொடுத்தாள். அதற்கு யாரும் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. பிறகு மகளிடம் திரும்பினாள். “என் பொண்ணுக்கு உங்க பையனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லு. ஒழுங்கா சொல்லு. வாசிச்சுட்டுத்தான் இருக்கேன்.”

ருபா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா சொல்றாங்க... எனக்கு முஹன்னத்தைப் பிடிச்சிருக்காம்.”

இன்ஸாஃப் வாசித்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். போனில் வந்த முதல் இரண்டு சொற்களை விரலால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சொன்னாள்.

“இதை எடுத்துட்டு இன்னொரு தடவை சொல்லு.”

ருபா சொன்னாள். சொல்லும்போது அவள் கைகள் இரண்டும் அசையாமல் மடியிலேயே இருந்தன.