சாமிதுரையின் இடது கால்

நன்றாகத் தெரிந்த ஒருவர் தப்பாகச் சொல்லிவிட்டால் அதை யார் திருத்துவது? தெரியாதவர் சொன்னதைத் திருத்தத் தெரிந்தவர் இருக்கிறார். தெரிந்தவர் சொன்னதற்கு மேலே ஆள் கிடையாது. ஊர் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கார் பட்டறை வைத்திருந்த உலகநாதனின் வாழ்க்கை கேட்ட கேள்வி இது.

அவரைப் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்வதற்கில்லை. பெயிண்டு வேலை சுமார்தான். ஒயரிங் என்றால் கடலூருக்கு அனுப்பிவிடுவார். ஆனால் காது இருந்தது. நீளமான திருப்புளியின் முனையை இஞ்சின்மேல் ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடினார் என்றால், உள்ளே எது எதனோடு உரசுகிறது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அறுபதுகளில் ஊரில் மொத்தமே இருபது கார் இருந்தால் அதிகம். இருபதுக்கும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

பீங்கான் கம்பெனி ராஜாங்கத்திடம் ஒரு பழைய மாரிஸ் மைனர் கார் இருந்தது. ஃப்யூஸ் கட்டைகளைச் சாம்பிளுக்குப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, அவற்றோடு தானும் உட்கார்ந்து, கடலூருக்கும் பாண்டிக்கும் ஆர்டர் பிடிக்கப் போய்வருவார். ஒன்பது வருஷமாக அதை ஓட்டியவன் சாமிதுரை. அவன் ஓட்டினால் பின்னால் கட்டைகள் ஒன்றோடொன்று இடிக்காது. அதைத் தவிர அவனைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒரு டிரைவருக்கு அது போதும்.

1966 புரட்டாசியில் கார் சத்தத்தோடு வந்தது.

“கடகடன்னு ஆடுதுங்க மேஸ்திரி. கிளட்ச மிதிச்சா அரைக்குது,” என்றான் சாமிதுரை.

உலகநாதன் இஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் போடச் சொல்லி, திருப்புளியை ஊன்றினார்.

“காலை எடு.”

லேசான கடகடப்பு.

“மெதுவா மிதி. இன்னும். முழுசா மிதி.”

இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் எழுந்தது. கோளாறு கியர்பாக்ஸில் இருந்தால் கிளட்சை மிதித்ததும் சத்தம் அடங்க வேண்டும். இங்கே மிதிக்க மிதிக்கக் கூடியது.

“கியர்பாக்ஸு நல்லாத்தான் இருக்குது. கிளட்ச் பேரிங்கு போச்சு,” என்றார்.

அந்தக் காலத்து மாரிஸில் கிளட்ச் பேரிங் என்பது கரியால் ஆன ஒரு தடித்த வளையம். மிதிக்கும்போது மட்டும் அது சுழலும் தட்டைத் தொட வேண்டும். விட்டதும் விலகிவிட வேண்டும். மறுநாள் பிரித்துப் பார்த்தபோது கரி முழுவதும் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த இரும்புக் கிண்ணம் தட்டில் உரசிக்கொண்டிருந்தது. உலகநாதன் சொன்னது சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ராஜாங்கம் பட்டறைக்கு வந்திருந்தார். “போன வருஷந்தானே புதுக் கரி போட்ட? ஒரு வருஷத்துல தேஞ்சிடுமா?”

“தேயாதுங்க. அஞ்சாறு வருஷம் வரும்.”

“அப்ப எதனால?”

என்ன கெட்டது என்று கேட்டால் உலகநாதனுக்குத் தெரியும். எதனால் என்பதை அவர் காதால் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் அதே குரலில் சொன்னார்.

“கால் சும்மா கிளட்சு மேலயே கெடந்தா இப்படித்தாங்க தேயும். அழுத்தக்கூட வேணாம். லேசா வச்சிருந்தாலே கரி தட்டை வுட்டு விலகாது.”

“நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இவன் எடது காலு அந்தப் பெடலை வுட்டு எறங்கினதே இல்ல.”

சாமிதுரை ஒரு அடி முன்னால் வந்தான். “மேல வைக்கலைங்க. பெடலு முழுசா எழும்ப மாட்டேங்குது. கால் வெரலை அடியில குடுத்து தூக்கி வுட்டுக்கிட்டே வரேன். போன மாசம் மேஸ்திரிகிட்டகூட சொன்னேங்க.”

சொல்லியிருந்தான். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று உலகநாதன் அனுப்பிவிட்டிருந்தார். இப்போது அவர் சிரித்தார்.

“கிளட்ச மிதிச்சு ஓட்டுறவனைப் பாத்திருக்கேன். தூக்கி வுட்டு ஓட்டுறவனை இன்னிக்குத்தாம்பா பாக்குறேன்.”

பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே சாமிதுரையின் வேலை போயிற்று.

வேறு யாராவது வேலை கொடுத்திருந்தால் விஷயம் அதோடு மறந்துபோயிருக்கும். ஆனால் கார் ஸ்டாண்டில் அவனுக்குக் ‘கிளட்ச் தின்னி’ என்று பெயர் விழுந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போயிருந்தது. இரண்டு மாதம் அலைந்துவிட்டு, வேப்பூரில் ட்ரங்க் ரோட்டு ஓட்டல் ஒன்றில் டீ போடப் போனான்.

ஊரை விட்டுப் போவதற்கு முன் அவன் மனைவி பாஞ்சாலை பட்டறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“மணவாளநல்லூர்ல பிராது கட்டிட்டோம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

பக்கத்து மணவாளநல்லூரில், நியாயம் கிடைக்காதவர்கள் தங்கள் குறையைத் தாளில் எழுதிக் கொளஞ்சியப்பர் சந்நிதியில் வைத்துக் கட்டிவிட்டு வருவார்கள். யார்மேல் என்று எழுதினார்கள் என அவள் சொல்லவில்லை, உலகநாதனும் கேட்கவில்லை. அவள் போனபிறகு, “கொளஞ்சியப்பருக்கு மாரிஸ் ஓட்டத் தெரியுமாடா?” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

ராஜாங்கம் வேறு டிரைவர் வைக்கவில்லை. தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். மாதத்தில் மூன்று நாலு நாள்தான் கார் ஷெட்டை விட்டு வெளியே வந்தது. 1969 பங்குனியில் அதே கடகடப்போடு அது திரும்ப வந்தது.

“இப்ப யாரு காலுன்னு சொல்லப்போற?” என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். “நீ அன்னிக்குச் சொன்னதுலேர்ந்து கியரு மாத்துறப்பத் தவிர பெடலு பக்கமே நான் கால் கொண்டு போறதில்ல, பாத்துக்க.”

அந்தப் பேச்சு உலகநாதனைச் சங்கடப்படுத்தியது. திருப்புளியை எடுக்காமல் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். கிளட்ச் பெடலைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் எதிரே தெரிந்தது. அது மாரிஸ் ஸ்பிரிங் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங். இரண்டு முனையிலும் கம்பியை மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டியிருந்தது. அந்த முறுக்கு அவருடையது.

1965-இல் புதுக் கரி போட்டபோது பழைய ஸ்பிரிங் ஒடிந்துபோயிருந்தது. மெட்ராசிலிருந்து புதியது வரும்வரை, ஒரு வாரத்துக்கு என்று இதை மாட்டியவர் அவர்தான். பிறகு மறந்துவிட்டார். அடுத்த வருஷம் சாமிதுரை கொண்டுவந்தபோது தன் கையாலேயே அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, திரும்ப மாட்டியும் இருந்தார். கையில் பிடித்திருந்த பொருளைப் பார்க்கவில்லை.

ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பெடலை மிதித்து, காலை எடுத்தார். அது இரண்டு விரல் கீழேயே நின்றுவிட்டது. தன் பாரத்திலேயே தொங்கி, கரியைத் தட்டோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. இடது காலை அடியில் கொடுத்துத் தூக்கினார், மேலே வந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார். பின்சீட்டிலிருந்து பார்க்கிறவருக்கு, பெடலின் மேல் கிடக்கும் காலும் கீழே முட்டுக்கொடுக்கும் காலும் ஒன்றுபோலத்தான் தெரியும். சாமிதுரை தூக்கிவிடாமல் இருந்திருந்தால் அந்தக் கரி ஒரு வருஷம்கூட வந்திருக்காது.

அன்றே கம்பெனிக்குப் போனார். சூளையிலிருந்து இறக்கிய கட்டைகளைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார் ராஜாங்கம்.

“மொதலாளி, அன்னிக்குத் தேஞ்சது சாமிதுரை காலால இல்லைங்க. நான் போட்ட ஸ்பிரிங்கால.” ஸ்பிரிங்கை நீட்டினார்.

ராஜாங்கம் அதை வாங்கவில்லை. “அவன் பொஞ்சாதி வந்து அழுதாளா?”

“இல்லைங்க. தப்பு என்னுது.”

“நீ தப்பாச் சொல்ற ஆளு இல்ல உலகநாதா. எரக்கப்படுற ஆளு. இத்தினி வருஷமா எனக்குத் தெரியாதா?”

கார் ஸ்டாண்டிலும் போய்ச் சொன்னார். ஸ்பிரிங்கைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். எந்த வண்டியில்தான் ஸ்பிரிங் தளராமல் இருக்கிறது என்றார்கள். மேஸ்திரிக்கு மனசு இளகிவிட்டது என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். பதினைந்து வருஷம் தவறாமல் சரியாகச் சொன்னது இப்போது அவருக்கு எதிராக நின்றது.

மறுநாள் பஸ் பிடித்து வேப்பூர் போனார். சாமிதுரை அவரைப் பார்த்ததும் கிளாசைக் கழுவினான். “டீயாங்க?”

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சாமிதுரை டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“ஸ்பிரிங்கா?” என்றான் கடைசியில். “தெரிஞ்சிருந்தா நானே ஒண்ணு வாங்கி மாட்டியிருப்பேங்க.”

“மொதலாளி நம்ப மாட்டேங்குறாரு.”

“நீங்க சொன்னா நம்புவாருங்க. மொத வாட்டி சொல்றதை மட்டும்.”

உலகநாதன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “பிராதுல எம் பேரை எழுதினியா?”

“உங்க பேரை ஏங்க எழுதப்போறேன்? எங் கால் மேல எழுதினேன்.”

“கால் மேலயா?”

“நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தெரியாம அழுத்திட்டு இருந்தேனோன்னு. அழுத்தியிருந்தா அந்தக் கால் வெளங்காமப் போவட்டும்னு எழுதிக் கட்டிட்டு வந்தேன்.”

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பாஞ்சாலை நிமிராமல் சொன்னாள். “மூணு வருஷமா காலையே பாத்துக்கிட்டு குந்தியிருக்குறாரு. கொஞ்சம் மரத்துப்போனாக்கூட பயந்துக்குறாரு. இப்ப வந்து ஸ்பிரிங்குங்குறீங்க.”

“வண்டி ஓட்ட வரியா? திட்டக்குடியில ஒருத்தரு கேட்டுக்கிட்டு இருக்காரு. நான் சொல்றேன்.”

“வேணாங்க மேஸ்திரி. இனிமே பெடலு மேல கால் வச்சா, கால் எங்க இருக்குதுன்னுதான் பாப்பேன். ரோட்டைப் பாக்க மாட்டேன்.” கிளாசைக் காட்டினான். “ஆறிடுச்சு. வேற போடட்டுமா?”

1970 தையில் உலகநாதன் ஜங்ஷன் ரோட்டுப் பட்டறையைக் காலி செய்தார். வேப்பூரில் சாமிதுரை டீ போடும் ஓட்டலை அடுத்துக் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டுக்கொண்டார். அங்கே கார் வராது, லாரிதான். லாரி அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. கிரீஸ் வைப்பார், போல்ட் முடுக்குவார், டியூபுக்கு ஒட்டுப் போடுவார். யாராவது கியர்பாக்ஸ் சத்தத்தைக் கேட்கச் சொன்னால், திருப்புளியைத் தொடாமலே திருச்சியில் காட்டச் சொல்லிவிடுவார். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் சாமிதுரை டீ கொண்டுவந்து வைப்பான். வெயிலைப் பற்றியும், பஸ் வராததைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவார்கள். அதற்கு மேல் பேசியதாக யாரும் பார்க்கவில்லை.

லாரிக் காசுக்கு ஆசைப்பட்டுப் போய்விட்டார் என்றது ஊர். திரும்பி வரச் சொல்லி ராஜாங்கம் இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்தார். வீடு விருத்தாசலத்திலேயே இருந்தது. காலையில் முதல் பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். இப்படியே ஏழெட்டு வருஷம்.

“இங்க இருந்த தொழிலை வுட்டுட்டு அங்க போயி ஏன் குந்திக்கிட்டீங்க?” என்று அவர் மனைவி பெரியநாயகி ஒருநாள் சோறு கட்டிக்கொடுக்கும்போது கேட்டாள். அவர் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.