பத்தாவது உருண்டை

என் தம்பி ஜெயரூபன் கொஸ்லந்தைச் சந்தியில் சைக்கிள் கடை திறந்து மூன்று மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்தபோது மாரிசாமி மாமா பின்சக்கரத்தோடு வந்தார். அவர் சைக்கிளில் மரக்கறி விற்பவர். சக்கரம் கரகரவென்றது.

தம்பி அச்சைக் கழற்றினான். உள்ளே உருளும் உருக்கு உருண்டைகள் இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் பத்து. எல்லாம் சொத்தை. மாமா பக்கத்தில் நின்று எண்ணினார்.

மறுநாள் தம்பி பதுளைக்குப் போய் முன்ஸிப் நானாவின் சைக்கிள் சாமான் கடையில் உருண்டை கேட்டான். நானா திறந்த டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினார்.

"எல்லாம் ஒரே பெட்டியில இருந்து குடுங்க நானா."

"எல்லாம் கால் இஞ்சி அளவுதானே. அண்ணன் தம்பி மாதிரி."

"அண்ணன் தம்பிதான் நானா சண்டை போடுவாங்க."

ஓர் உருண்டை மயிரிழை பெருத்தாலும் பாரம் முழுக்க அதன்மேல் விழும். நானா புதுப் பெட்டியை உடைத்தார். தம்பி பதினெட்டு வாங்கினான்.

பக்கத்துக்கு ஒன்பதாகப் போட்டதை மாமா பார்த்தார்.

"ஒண்ணு எங்கடா?"

"பத்துன்னா இறுகும் மாமா. யாரோ கூடப் போட்டுட்டாங்க."

"என் வண்டியில இருந்தது உனக்குக் கூடவா?"

அன்று மாலைக்குள் தோட்டத்து வீட்டு வரிசையான மூன்று லயத்துக்கும் தம்பி உருண்டை திருடியது தெரிந்துவிட்டது. மறுநாள் இரண்டு பேர் சைக்கிளைத் திருப்பி எடுத்துப்போனார்கள். ஒருவர் போகுமுன் சக்கரக் கம்பிகளை எண்ணினார். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"ஒண்ணப் போட்டுத் தொலையேன்டா" என்றேன்.

"போட்டா உருண்டை ஓடுற கிண்ணம் சீக்கிரமே தேஞ்சிரும்க்கா. அப்பவும் என்னையத்தான் சொல்வாரு."

அவன் மறுபடி பதுளைக்குப் போய், அதே பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்று வாங்கிவந்தான். மாமாவைக் கூப்பிட்டு, அவர் முன்னால் பத்தாவதை நெருக்கிப் பூட்டினான்.

"சுத்துங்க மாமா."

சக்கரம் நான்கு சுற்றில் நின்றது. பத்தாவதை எடுத்துவிட்டுப் பூட்டினான். மாமா மறுபடி சுற்றிவிட்டு எண்ணினார். அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

"சரி. அந்த உருண்டையக் குடு" என்றார். தம்பி காகிதத்தில் மடித்துக் கொடுத்தான்.

பத்தாவதை எடுத்தால்தான் வண்டி ஓடும் என்று லயத்தில் சொன்னதும் மாமாதான். அடுத்த வாரம் நான்கு பேர் வந்தார்கள், தங்கள் சக்கரத்திலும் ஒன்றை எடுத்துவிடச் சொல்லி. தம்பி நான்கையும் கழற்றிப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஒன்பதுதான். கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டினான்.

மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர், மாரிசாமிக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தாயே என்று கோபித்துக்கொண்டு போனார்.